கட்டைவிரல் குழி

நொகனூர் காட்டில் அறுபது யானை என்று
வனத்துறை ஜீப் ஒலிபெருக்கியில் சொல்லிப்போன நாளிலிருந்து
லாயத்தின் பெரிய கதவைத் திறக்கவில்லை.
ராகி முற்றிய மாதம்.
யானைக்கும் அது தெரியும்.

ஆறு குதிரை, பத்துக்குப் பன்னிரண்டில் ஆறு அறை.
நாலாம் நாள் காலை
டெம்புவின் பின்னங்கால் இரண்டும்
முட்டியிலிருந்து குளம்பு வரை
தடித்த காலுறை போட்டதுபோல்
ஒரே கனமாய் நின்றன.

காகிதத்தில் அவள் பெயர் டெம்பெஸ்ட் குயின்.
பெங்களூர் பந்தயத்தில் பதினோரு முறை ஓடி
ஒரே ஒருமுறை மூன்றாவதாய் வந்தவள்.
முட்டிக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது,
எலும்பு, நரம்பு, தோல், அவ்வளவுதான்.
இறங்கின நீரை மேலே தள்ள
நடையை விட்டால் வேறு ஆளில்லை.

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
குழி விழுந்தது.
எண்ணினேன்.
பதினேழில் மூடிக்கொண்டது.
வலி இல்லை, காதைக்கூட மடக்கவில்லை.
சூடு இல்லை.
இரண்டு காலும் ஒரே அளவு.
மூன்றும் சரியென்றால் பயமில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்,
பிறகு போனில் முதலாளிக்கும்.
அவர் ஏதாவது ஊசி போடச் சொன்னார்.
நான் ஓட்ஸைப் பாதியாக்கினேன்.
நிற்கிற உடம்புக்கு ஓடுகிற தீனி எதற்கு?

பைப் தண்ணீர் இருபது நிமிடம்.
துடைத்து, பஞ்சை மெத்தையாய்ச் சுற்றி
மேலே பட்டைத் துணி,
சுருக்கம் விழாமல், ஒரு விரல் நுழையும்படி.
இறுக்கிவிட்டால் கட்டு கயிறாகிவிடும்.

முனிலட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள்.
ரோஜாக் கொட்டகையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு
இங்கேயும் வந்து நின்றாள்.
சாக்ஸைக் கழற்றினாள்.
கணுக்காலுக்கு மேலே
ரப்பர் பதிந்த வளையம்.
"இதுக்கு எத்தனை வரைக்கும் எண்ணுவே?"
அழுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.
"நீயும் ரெண்டு சுத்து வா" என்றேன்.

வந்தாள், குதிரைக்கு அந்தப் பக்கமாக.
தகரக் கூரைக்குக் கீழே
நடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
எட்டுக் கால்கள்
ராத்திரி பத்து வரை போய்ப் போய் வந்தன.
ரெண்டு சுத்தை யாரும் எண்ணவில்லை.

காட்டோரம் டப்பா தட்டினார்கள்,
வெடி போட்டார்கள்.
யானைக்குக் கால் நிரம்பாது என்று நினைத்துக்கொண்டேன்.
விடிய விடிய நடக்கிறது,
ஏரி ஏரியாய், கொல்லை கொல்லையாய்.
அது நடக்கிறது என்றுதான்
இவளை நிற்க வைத்திருக்கிறோம்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது
வலது கால் வடிந்திருந்தது.
எலும்பின் ஓரம் தெரிந்தது,
பின்னால் நரம்பு தந்திபோல் விறைத்திருந்தது.
இடது கால் அப்படியே.
விரல் படுவதற்குள் வெடுக்கென்று தூக்கினாள்.
சூடு.
உள்பக்கம், ரோமத்துக்குள்,
நெல் நீளத்துக்கு ஒரு கீறல்.
நேற்றே பார்த்திருக்கலாம்.
இரண்டும் ஒன்றுபோல் வீங்கியதில்
ஒன்று ஒளிந்துகொண்டது.

தெர்மாமீட்டர் நூற்று மூன்று.

டாக்டர் ஹெப்சிபா ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டார்.
கெலமங்கலம் கூட்ரோட்டில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்களாம்,
குட்டியோடு ஒரு கூட்டம் தார் ரோட்டைக் கடக்கிறது.
"தண்ணி விட்டுக்கிட்டே இருங்க,
கட்டு கட்டாதீங்க,
மத்ததை நான் வந்து பார்க்கிறேன்."
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து
யாரோ அதட்ட நிறுத்திக்கொண்டது.

இடது காலுக்குப் பைப்பைப் பிடித்தபடி
குந்தியிருக்கிறேன்.
முனிலட்சுமி ஏழு மணி வேனுக்குப் போய்விட்டாள்.
வலது காலில் கட்டைவிரலை வைத்தால்
குழி விழவில்லை.
அதை மட்டும்
திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறேன்.